குப்பத்தை அமைதிப்படுத்துவது எப்படி?

பழவேற்காட்டுப் பக்கம் புதிதாகப் பொறுப்பேற்று வந்திருக்கும் ஐயா அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சர்க்கார் அதிகாரியா, கம்பெனி மேனேஜரா என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த ஏரிக்கரையில் நானூறு வருஷமாக அந்த இரண்டு நாற்காலிகளையும் பக்கத்தில் பக்கத்தில்தான் போட்டிருக்கிறார்கள். சில காலம் இருந்ததே ஒரு நாற்காலிதான். எப்படியும் உங்கள் உத்தரவில் ‘பகுதியில் அமைதியை நிலைநாட்டவும்’ என்று ஒரு வரி இருக்கும். அதை நிறைவேற்ற உதவுவதே இந்தக் கையேடு.

எடுத்த எடுப்பிலேயே ஒரு சிக்கல் வரும். கோட்டைக்குப்பத்திலோ நடுக்குப்பத்திலோ ஆண்டிகுப்பத்திலோ இறங்கிப் பார்த்தால் கலகம் எதுவும் கண்ணில் படாது. ஒருவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்து ஓட்டை அடைத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் இறாலுக்கு விலை பத்தவில்லை என்று வியாபாரியிடம் கத்திக்கொண்டிருப்பார். உங்களைக் கண்டதும் நாலு பேர் எழுந்து வந்து, முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிறது, படகு போக வழியில்லை என்று முறையிடுவார்கள். இல்லாத கலகத்தை அடக்க முடியாது. ஆகவே உங்கள் முதல் வேலை, ஒன்றை உண்டாக்குவது.

பயப்படாதீர்கள், செலவில்லாத காரியம். ஒருவர் கொடுத்தால் அது மனு. அதையே நாற்பது பேர் சேர்ந்து கொண்டுவந்தால் ‘திரண்டனர்’. வாங்க ஆளில்லாமல் வாசலில் உட்கார்ந்தால் ‘முற்றுகை’. வெயில் தாங்காமல் ரோட்டோர மரத்தடிக்கு நகர்ந்தால் ‘மறியல்’. கூட ஒரு வக்கீலோ கல்லூரிப் பிள்ளையோ நின்றிருந்தால் ‘வெளியாட்களின் தூண்டுதல்’. முகத்துவார மண்ணில் தொடங்கிய விஷயம் சாயங்காலத்துக்குள் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடும். இனி உங்கள் கருவியை எடுக்கலாம்.

கருவியின் பெயர்

படைத்துறையில் இதற்கு ‘பாசிஃபிகேஷன்’ என்று பெயர். தமிழில் அமைதிப்படுத்தல். மக்கள் எழுந்துவிட்ட ஒரு பகுதிக்குள் படையை அனுப்பி, எதிர்ப்பவர்களைக் கொன்றோ பிடித்தோ விரட்டியோ, மிச்சமிருப்பவர்களுக்கு ரோடும் பள்ளிக்கூடமும் ரேஷனும் கொடுத்து, மறுபடி எழாதபடி செய்வது. இந்த வரையறையின் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை அறிக்கையில் எழுதுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். அச்சே நாட்டில் டச்சுக்காரர்களும், அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களும், வியட்நாமில் அமெரிக்கர்களும் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். இப்படிப்பட்ட சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இலேயே ஒரு கட்டுரையில் போட்டு உடைத்துவிட்டார். அதற்குப் பிறகும் சொல் ஓய்வு பெறவில்லை. அதன் நவீன வாரிசுதான் ‘கவுன்ட்டர் இன்சர்ஜென்சி’, அதாவது கிளர்ச்சி எதிர்ப்பு நடவடிக்கை. அதற்கென்று அமெரிக்கப் படை 2006 டிசம்பரில் தடிமனாக ஒரு கையேடு போட்டது. அதில் பல பத்திகள் அடுத்தவர் எழுத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்தவை என்று ஒரு மானிடவியல் பேராசிரியர் மறு வருஷமே காட்டிக்கொடுத்தார். கையேடு எழுதுகிறவர்களை ரொம்ப நம்பிவிடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

பயன்படுத்தும் முறையில் ஒரு எச்சரிக்கை. ‘நாங்கள் அந்த ஊரை அமைதிப்படுத்தினோம்’ என்பது சரி. ‘அந்த ஊர் எங்களை அமைதிப்படுத்தியது’ என்று எழுதினால் மாற்றல் உத்தரவு வரும்.

இடம் பார்த்தல்

இந்த வித்தைக்குப் பழவேற்காடு புதுசல்ல. விஜயநகர அரசர் வேங்கடரின் அனுமதியோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் இங்கே பண்டகசாலை போட்டது. 1612இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுக்கீசியர் வந்து அதை அழித்தார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிவிட்டார்கள். கெல்ட்ரியா என்று பெயர். துணி வாங்க வந்தவருக்குக் கோட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். வியாபாரம் நிலைத்த இடத்தில் பாதுகாப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும், பாதுகாப்பு வந்தபின் எது முதலில் வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

அந்தக் கோட்டை உள்ளூர்ச் சங்கதி மட்டுமல்ல. பழவேற்காட்டில் மருந்து ஆலை இருந்தது. உடம்புக்கான மருந்தில்லை, துப்பாக்கிக்கு. இங்கே செய்த வெடிமருந்து கிழக்கே இருந்த டச்சுத் தளங்களுக்கெல்லாம் போனது. இங்கே நெய்த துணி மசாலாத் தீவுகளுக்குப் போய் ஜாதிக்காயாகவும் கிராம்பாகவும் மாறியது. அந்த ஜாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளில் மக்கள் தங்கள் சரக்கை இஷ்டப்பட்டவர்களுக்கு விற்றதுதான் கலகம். 1621இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு போய் அமைதிப்படுத்தினார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை ஒரு மூங்கில் வேலிக்குள் நிறுத்தி, கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வீரர்களை விட்டு வெட்டினார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியது ஆயிரம் பேர் அளவில்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில் வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான பேர் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி, கம்பெனியின் கிழக்குத் தலைமையிடமான பத்தேவியாவுக்குப் போனார்கள். கூனுக்கு அவருடைய சொந்த ஊரான ஹோர்னில் சிலை இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு வேடிக்கை. பழவேற்காட்டுக் கைக்குட்டை உலகமெல்லாம் போய் ஸ்பானிஷ் மொழியில் ‘பாலியகாத்தே’ ஆனது என்று பல அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆஸ்டெக் மொழிச் சொல் என்று மறுப்பவர்களும் உண்டு. 1994இல் மெக்சிகோவின் சியாபாஸ் காட்டில் எழுந்த ஸபாத்திஸ்தாக்கள் முகத்தை மூடிக் கட்டியது அந்தச் சிவப்புத் துணியைத்தான். ஒரே துறைமுகம் அடக்குகிறவருக்கு வெடிமருந்தும் எழுகிறவருக்கு முகத்துணியும் கொடுத்திருக்கிறது. வியாபாரிகளுக்குக் கட்சி கிடையாது.

பெயர் சூட்டு விழா

இந்த அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். துப்பாக்கியை விட மலிவு, கைதவறி வெடிக்காது.

போரைப் போர் என்று சொல்லவே கூடாது. 1948 ஜூனில் ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவில் ஆரம்பித்து 1960 வரை நடந்ததற்கு ‘அவசரநிலை’ என்று பெயர். போர் என்று சொன்னால் ரப்பர் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்பது ஒரு காரணம் என்பார்கள். அந்தப் போர் அல்லாத போரில்தான் தொழிற்சங்கத் தலைவர் கணபதியை, தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழரை, 1949 மே 4 அன்று தூக்கிலிட்டார்கள். அதே வருஷங்களில் டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவில் பல்லாயிரம் படைவீரர்களை இறக்கி அதைப் ‘போலீஸ் நடவடிக்கை’ என்றார்கள். நாமும் சளைக்கவில்லை. 1948 செப்டம்பரில் டாங்கிகளோடு ஐதராபாத்துக்குள் போனதற்கும் அதே பெயர்தான். 1987இல் யாழ்ப்பாணத்துக்குப் போன நம் படைக்கு ‘அமைதி காக்கும் படை’ என்று பெயர் வைத்தோம். அக்டோபரில் தீபாவளி நாளை ஒட்டி யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுடப்பட்டார்கள். நம் பக்கம் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் திரும்பி வரவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்ததை இலங்கை அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றே புத்தகம் போட்டது. ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பெயர்களை எழுதிய கைகளில் பத்திரிகைக்காரர் கைகள் நிறைய. பேனா பிடித்தவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பது

ஊர் அடங்கவில்லையென்றால் ஊரையே நகர்த்தலாம். பாஞ்சாலங்குறிச்சி பழைய முறை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, கோட்டையையும் இடித்துவிட்டு, ஆங்கிலேய மேஜர் பானர்மன் வேலை முடிந்தது என்று நினைத்தார். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்ததும் சில நாட்களிலேயே மண்கோட்டை மறுபடி நின்றது. மே மாதம் அதைப் பிடித்த பிறகு தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு, எழுபதுக்கு மேற்பட்டோரை மறு வருஷம் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் உழுவதை நிறுத்திவிட்டு ‘வளர்ச்சி’யைச் சேர்த்தார்கள். மலாயாவில் பிரிக்ஸ் திட்டப்படி 1950 முதல் சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனக் குடியானவர்களை, கம்பிவேலி போட்ட ‘புதிய கிராமங்க’ளுக்கு மாற்றினார்கள். தோட்டத்துத் தமிழர் லயங்களும் வேலிக்குள் போயின. அந்தப் பாடத்தை அப்படியே எடுத்து 1967இல் மிசோரத்தில் நம் படை ஊர்களைக் கூட்டி ரோட்டோரம் வைத்தது. அவற்றுக்கு இட்ட பெயர் ‘பாதுகாக்கப்பட்ட, முன்னேறும் கிராமங்கள்’. பழைய வீடுகளை எரித்துவிட்டுத்தான் முன்னேற வேண்டியிருந்தது.

நம் ஏரிக்கரையில் நடந்தவை படை நடவடிக்கைகள் அல்ல. அப்படிச் சொன்னால் பொய். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது அங்கிருந்த குடிகள் வெளியேறினார்கள். இன்றும் ராக்கெட் விடும் நாளில் சுற்றுவட்டாரக் குப்பங்களுக்குக் கடல் கிடையாது. நாட்டுக்கு ஏவுதளம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றைய கூலியை யார் தருவது என்பதுதான் கேள்வி. தெற்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது குப்பத்தை இடம் மாற்றினார்கள். வீடு கொடுத்தார்கள், வேலையும் கொடுத்தார்கள். அந்த வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு ஊர்க்காரர்கள் பிறகு தெருவில் உட்கார வேண்டிவந்தது. கடலோரத்து வீட்டை நாலு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அது வீடாகத்தான் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குக் காற்று திரும்பியது மட்டும் அங்கே படுத்திருப்பவருக்குத் தெரியாது.

காகித முறை

இது ஜனநாயக காலம். பீரங்கி எல்லாம் வேண்டாம். ஸ்டேஷனில் இருக்கும் எழுதுபொருளே போதும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவை எடுத்து, ‘அமைதி காப்பேன்’ என்று பாண்டு எழுதி வாங்குங்கள். அடுத்தது 144. 2024 ஜூலை முதல் அவற்றின் எண்கள் 126, 163 என்று மாறிவிட்டன. ஊரில் இன்னும் ‘ஒன் ஃபார்ட்டி ஃபோர்’தான்.

இன்னும் பெரிதாகச் செய்ய ஆசையா? இடிந்தகரையைப் பாருங்கள். கூடங்குளம் அணு உலையை எதிர்த்த மீனவர் ஊர் அது. 2011, 2012இல் அங்கே ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. அத்தோடு 121ஆம் பிரிவு வேறு: அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல். பந்தலில் உட்கார்ந்து பட்டினி கிடந்த பெண்கள் எந்தப் பீரங்கியை வைத்துப் போர் தொடுத்தார்கள் என்று எஃப்.ஐ.ஆரில் விவரம் எழுத இடமிருக்காது. ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடலாம். அந்த ‘மற்றும் பலர்’தான் சட்டத்திலேயே சக்தி வாய்ந்த சொல். யார் வீட்டுக் கதவையும் அதை வைத்துத் தட்டலாம். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படி சொன்னது உங்கள் துறைக்கு ஒரு பின்னடைவு.

ஆனால் என் சிபாரிசு இதெல்லாம் இல்லை. ‘அமைதிப் பேச்சுவார்த்தை’தான். அதைச் சரியாக நடத்தத் தெரிந்தவருக்குத் தடியே தேவைப்படாது. முதலில் நேரம்: காலை பத்து. படகு கரைக்கு வந்து ஏலம் நடக்கும் நேரத்தில் கூப்பிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வந்தவர்களும் இறால் கெட்டுப்போகுமே என்ற நினைப்பில் இருப்பார்கள். அழைப்பு ‘நிர்வாகிகள் ஐந்து பேர்’ என்று இருக்கட்டும். மீன் விற்கிற பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள், உள்ளே பேசுவதற்கு நிறைய விஷயம் அவர்களிடம்தான் இருக்கும். நீங்கள் பன்னிரண்டரைக்கு வாருங்கள். டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுங்கள். கூட்டக் குறிப்பு முந்தின நாளே டைப் அடித்து, தேதி இடம் மட்டும் காலியாக இருக்கும். “உங்க கோரிக்கையை மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம், கையெழுத்துப் போடுங்க” என்று சொல்லுங்கள். ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டாவது பக்கத்தைத் திருப்பி, “இதுல முகத்துவாரம்னே எழுதலியே சார்?” என்று கேட்பார். “அது அடுத்த கூட்டத்துல” என்று சொல்லுங்கள். மறுநாள் பேப்பரில் ‘சுமுக முடிவு’ என்று வரும்.

எங்கே இடறும்

அமைதிப்படுத்தலின் ஆதாரக் கொள்கை, தலைவனைப் பிடி என்பது. பிடிக்க ஒரு தலைவன் வேண்டும் அல்லவா? இங்கேதான் பழவேற்காடு உங்கள் மானத்தை வாங்கும். பாடு என்றொரு முறை வைத்திருக்கிறார்கள். ஏரியில் மீனும் இறாலும் நன்றாகக் கிடைக்கும் இடங்களை ஊர்களுக்குள் பிரித்து, சீட்டுப் போட்டு, எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வது. நல்ல இடம் இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. முறை தவறியவனுக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம். பத்து பேர் ஒரே மீனுக்கு அடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒரு துப்பாக்கி, ஒரு போலீஸ் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சண்டையைத் தவிர்த்திருக்கிறார்கள். இதற்கு உங்கள் அகராதியில் சொல் கிடையாது. ‘பாரம்பரியப் பழக்கவழக்கம்’ என்று ஃபைலில் எழுதிவைப்பார்கள்.

அதற்காக அதைப் புனிதமாக்க வேண்டாம். பாடு என்பது குறிப்பிட்ட ஊர்களின் பட்டினவர் ஆண்களின் உரிமை. பெண்களுக்குச் சீட்டு இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களுக்கு இல்லை. பாடு இல்லாத குப்பங்கள் ஏரியில் நுழைந்தால் தகராறு. வடக்கே ஆந்திர மீனவர்களோடு எல்லைச் சண்டை. ஊர்க்கட்டுப்பாடு தனியாக ஒருவர் மேல் விழும்போது என்ன செய்யும் என்பதும் தெரிந்ததுதான்.

இதைக் கேட்டதும் உங்கள் கண் பளபளக்க வேண்டும். விரிசல் இருக்கிறது, ஆப்பை இறக்கலாம்! பாடு உள்ளவனிடம் ஒரு பேச்சு, இல்லாதவனிடம் ஒரு பேச்சு. ஒரு குப்பத்துக்கு வலை, அடுத்த குப்பத்துக்கு வாக்குறுதி. டெம்ப்ளர் துரை மலாயாவில் ‘இதயத்தையும் மனத்தையும் வெல்வது’ என்று பிரபலப்படுத்தியதன் உள்ளூர்ப் பதிப்பு இதுதான். பலிக்கும், பல இடங்களில் பலித்திருக்கிறது. ஆனால் ஏரி வாயைத் தொடுகிற விஷயம் வந்தால், போன வாரம் படகை மோதவிட்டுக்கொண்ட இரண்டு குப்பங்களும் ஒரே டிராக்டரில் ஏறி வந்து இறங்கும். அன்றைக்கு இந்தக் கையேட்டைத் திறந்து பிரயோஜனமில்லை.

கடைசியாக, நீங்கள் எந்த விலை கொடுத்தும் தவிர்க்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி: பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு இது கட்டாயம். இதில் மரத்தடியில் நின்ற பெண்ணும் மைக் பிடிக்கலாம், அவர் பேசுவதை வீடியோ எடுத்துப் பதிவில் சேர்த்தாக வேண்டும். அமைதிப்படுத்தும் கலையில் இதற்கு மருந்தில்லை. அதானி குழுமம் 2018இல் வாங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்துக்கு அப்படி ஒரு கூட்டம் 2021 ஜனவரி 22 அன்று நடப்பதாக இருந்தது. ஒத்திவைத்தார்கள். மறுபடி 2023 செப்டம்பர் 5 என்று தேதி குறித்தார்கள். நிர்வாகக் காரணங்களுக்காக என்று சொல்லி அதையும் நிறுத்தினார்கள். மூன்றாவது தேதி எப்போதாவது அறிவிக்கப்பட்டால், வாசகர்களில் பொன்னேரிப் பக்கம் இருப்பவர்கள் ஒரு நாள் லீவு போட்டுப் போய் உட்காருங்கள். பேச வேண்டாம், பேச அங்கே ஆள் இருக்கிறார்கள். கூட்டக் குறிப்பில் முகத்துவாரம் என்று எழுதுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.